ஆம்புலன்ஸுக்கும் காருக்கும் நடுவே

ஜெயராணியும் அவளுடைய மாமனார் சவரிமுத்துவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமலே ஒரு வாரத்தை ஓட்டிவிட்டார்கள். அவள் சோறு போட்டு மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கொல்லை வேலைக்குப் போய்விடுவார். இருவருக்கும் இடையில் பேத்தி ரோஸ்லின்தான் தபால்காரி. "தாத்தா மாத்திரை போட்டாரான்னு கேளு", "அம்மாகிட்ட மோட்டார் ஓடுதுன்னு சொல்லு" என்று அந்த ஏழு வயதுப் பிள்ளை நாளெல்லாம் நடந்தாள்.

சண்டை பெங்களூருவைப் பற்றியது.

பொம்மனஹள்ளியில் பதினோராவது மாடியில் குடியிருந்தபோது ரோஸ்லினுக்கு ஓயாத மூச்சு இழுப்பு. கீழே மேம்பால வேலை நடந்தது. ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் பிள்ளைக்கு மூச்சு முட்டும். மருந்துப்புகை கொடுக்கும் கருவி எந்நேரமும் கட்டிலருகில் இருந்தது. அப்போதுதான் கணவன் ஆரோக்கிய பிரவீன், "அப்பா வூட்டுக்கே போயிடலாம், ஆபீஸ் வேலையை அங்கேயே பாக்கலாம்" என்று முடிவெடுத்தான். ஜெயராணி வேலையை விட்டாள். பென்னாகரத்தைத் தாண்டி, ஒகேனக்கல் சாலையிலிருந்து பிரியும் மண்பாதையின் கடைசியில் வீடு, அதற்கப்பால் கடலையும் வாழையும் போட்ட கொல்லை, கொல்லைக்கு அப்பால் காடுதான்.

பிள்ளைக்கு இழுப்பு நின்றது. அதை ஜெயராணியே மறுக்கமாட்டாள். வேலியோரம் கத்திக்கொண்டே ஓடுகிற மகளைப் பார்க்கும்போது அவளுக்குக் கண் கலங்கும். ஆனால் கொஞ்ச காலத்தில் கம்பெனி எல்லோரையும் ஆபீசுக்குத் திரும்பக் கூப்பிட்டது. திங்கட்கிழமை விடிவதற்குள் கிளம்பிப்போகிற பிரவீன் வெள்ளிக்கிழமைதான் வருவான். காற்றும் மரமும் வேண்டும் என்று ஆசைப்பட்டவன் அங்கே போய்விட்டான். அவளோ இங்கே, பொழுது சாய்ந்தால் கதவைச் சாத்திக்கொண்டு, வாழைத்தோப்பில் மட்டை முறிகிற சத்தம் யானையா காற்றா என்று கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஜூன்ல புள்ளையக் கூட்டிக்கிட்டு போறேன் மாமா" என்று அவள் சொன்ன அன்று சவரிமுத்து வரப்பிலேயே நின்றுவிட்டார்.

"அங்க போயி மறுபடியும் இழுப்பு வந்தா?"

"வந்தா அஞ்சு நிமிசத்துல டாக்டர் இருக்காருங்க. இங்க ஒண்ணுன்னா யாரு இருக்கா?"

"அந்தப் பொகைக்குள்ள புள்ளைய நான் வுடமாட்டேன்."

"நீங்க யாரு வுடறதுக்கும் வுடாததுக்கும்?"

வாயை விட்டு வந்துவிட்டது. அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அதோடு பேச்சு நின்றது.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம், ஏப்ரல் வெயில் கொஞ்சம் தணிந்த நேரம். ரோஸ்லின் பக்கத்துக் கொல்லைத் தீர்த்தம்மாள் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஜெயராணி துணி மடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. சவரிமுத்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது மணிக்கட்டை இடது கை இறுக்கிப் பிடித்திருந்தது.

"ராணி, வண்டிய எடு" என்றார்.

ஒரு வாரத்துக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசிய முதல் சொல் அதுதான்.

"என்னாச்சு மாமா?"

"மாட்டுக்குக் கடலைக்கொடி உருவுனேன். கொடிப்போருக்குள்ள கெடந்திருக்குது. நல்ல பாம்பு. படம் எடுத்துச்சு, என் கண்ணால பாத்தேன்."

அவர் துண்டை எடுத்து முழங்கைக்கு மேல் முறுக்கப் போனார். "கட்டாதீங்க. நடக்காதீங்க. அப்பிடியே உக்காருங்க" என்றாள். இங்கே வந்த நாளிலிருந்து பயத்தில் பாம்புகளைப் பற்றி செல்போனில் படித்துப் படித்துத் தூக்கம் கெட்டவள் அவள். துப்பட்டாவை எடுத்து அவர் கையைத் தொட்டில்போலக் கட்டினாள். காரை வாசற்படிக்கே கொண்டுவந்து அவரை முன்சீட்டில் உட்காரவைத்தாள். வேலியோரம் நிறுத்தி, "அக்கா, மாமாவைப் பாம்பு கடிச்சிடுச்சு, புள்ளையப் பாத்துக்கங்க" என்று கத்திவிட்டு, தீர்த்தம்மாளின் பதிலுக்குக்கூட நிற்காமல் கிளம்பினாள். ஓட்டிக்கொண்டே நூற்றெட்டுக்குப் போன் செய்தாள். பென்னாகரத்திலிருந்து ஆம்புலன்ஸ் புறப்படுகிறது, நீங்களும் எதிரே வாருங்கள், வழியில் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள்.

தார்ச்சாலை ஏறியதும் வேகம் பிடித்தாள்.

"மாமா, பேசிக்கிட்டே வாங்க. தூங்கக் கூடாது."

"என்னாத்தப் பேசறது?"

"எதையாவது. வையறதுன்னாலும் வையுங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். வாய் ஒருபக்கமாக இழுத்தது. "கண்ணுக்கு எல்லாம் ரெண்டா தெரியுது ராணி" என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். இமைகள் பாதி இறங்கியிருந்தன. விழிக்க முயன்று நெற்றியைச் சுருக்கினார். இமை மேலே ஏறவில்லை.

வளைவு திரும்பியதும் அவள் பிரேக்கை அழுத்தினாள்.

சாலையில் யானைகள் நின்றன. காவிரிக்குத் தண்ணீர் குடிக்க இறங்கும் கூட்டம். பெரிய பெண்யானை ஒன்று சாலையின் நடுவில் நின்றது. அதன் காலடியில் சின்னக் குட்டி. இன்னும் இரண்டு யானைகள் இந்தப் பக்கத்துப் புதரில் பாதி உடம்பை மறைத்துக்கொண்டிருந்தன. அவை கடந்து போயிருக்கும். போகவிடாமல் செய்தது அந்தப் பக்கம் நின்ற வண்டிகள்தான். ஒகேனக்கலுக்குப் போகிற ஒரு சுற்றுலா வேன், அதன் பின்னால் வெளியூர்க் கார்கள். வேனிலிருந்து பத்துப் பதினைந்து பேர் இறங்கி, கையை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் பெண்யானை குட்டியை வயிற்றுக்குக் கீழே இழுத்துக்கொண்டது.

அந்த வரிசையின் கடைசியில் சிவப்பும் நீலமுமாக விளக்குச் சுழன்றது. ஆம்புலன்ஸ். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

ஜெயராணி இன்ஜினை நிறுத்தினாள். திரும்பிப் போய் வேறு வழியாகப் போகலாம். ஆனால் அது மலையைச் சுற்றும். அவ்வளவு நேரம் அவருக்கு இல்லை என்பது நெஞ்சில் தொங்கிய தலையைப் பார்த்தாலே தெரிந்தது. ஆம்புலன்சிலிருந்து போன் வந்தது.

"நான் இளம்பரிதி, ஆம்புலன்ஸ்ல இருக்கேங்க. உங்க கார் தெரியுது. பேசண்ட் எப்பிடி இருக்காரு?"

"கண்ணு மூடிக்கிச்சு. பேச்சு கொழறுது. சார், அந்த ஆளுங்களை முதல்ல வண்டிக்குள்ள ஏறச் சொல்லுங்க. எல்லாரையும் பின்னால எடுக்கச் சொல்லுங்க. அவுங்க போனாத்தான் இதுங்க போகும்."

"இதோ போறேன். மூச்சு மட்டும் பாத்துக்கிட்டே இருங்க மேடம். மூச்சு நின்னா நீங்கதான் குடுக்கணும். தெரியுமா?"

"ஆபீஸ்ல ஒரு தடவ சொல்லிக் குடுத்தாங்க. பொம்மைக்கு."

"அதேதான். போனை ஸ்பீக்கர்ல வையுங்க."

அவள் சீட்டைப் பின்னால் சாய்த்தாள். "மாமா" என்று அழைத்தாள். அவர் விரலை லேசாக அசைத்தார். காது கேட்கிறது, பதில் சொல்லத்தான் முடியவில்லை. நெஞ்சு ஏறி இறங்குவது சிறுத்துக்கொண்டே வந்தது. உதடு கறுத்தது. பிறகு நெஞ்சு ஏறவில்லை.

இந்த மனிதருக்குத் தண்ணீர்ச் சொம்பை நீட்டும்போதுகூட விரல் படாமல் நீட்டியவள் அவள். கை ஒரு கணம் நின்றது. அடுத்த கணம் சீட்டின்மேல் மண்டியிட்டு, அவர் தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினாள். நரைமுள் தாடி கன்னத்தில் குத்தியது. பீடி வாடை அடித்தது. நெஞ்சு எழும்பியது.

"எழும்புது" என்றாள்.

"சூப்பர். நாடி இருக்குதா? கழுத்துல தொடுங்க."

"இருக்குது."

"அப்ப நெஞ்ச அழுத்த வேணாம். ஊதுங்க, நாலு எண்ணுங்க, மறுபடியும் ஊதுங்க. நான் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

அவள் ஊதினாள். எண்ணினாள். மறுபடியும் ஊதினாள். எதிரே இளம்பரிதி வேன்காரர்களிடம் கெஞ்சுவதும் திட்டுவதும் போனில் கேட்டது. "ஒரு உசுரு போயிட்டிருக்குது, ஏறுங்கய்யா!" வண்டிகள் பின்னால் நகரத் தொடங்கின. அதில் ஏதோ ஒரு கார் பதற்றத்தில் நீளமாக ஹாரன் அடித்தது.

பெண்யானை பிளிறியது. சத்தம் வந்த பக்கத்தை விட்டுவிட்டு, குட்டியோடு இந்தப் பக்கம் திரும்பியது. நேரே காரைப் பார்த்து நடந்தது.

ஊதிவிட்டு நிமிர்ந்தபோதுதான் ஜெயராணி அதைக் கண்டாள். சாவி வண்டியிலேயே இருந்தது. ஸ்டியரிங்குக்குத் தாவினால் பின்னால் எடுத்துவிடலாம். வளைவு வரைக்கும் போய்விடலாம். அதற்குள் இவர் போய்விடுவார்.

"மேடம், யானை உங்க பக்கம் வருது! வண்டிய எடுங்க!"

குனிந்து ஊதினாள். எண்ணினாள். கண்ணாடிக்கு வெளியே வெளிச்சம் மங்கியது. சாம்பல் நிறத் தோல் ஜன்னலை அடைத்துக்கொண்டது. வண்டி ஒருமுறை குலுங்கியது. பக்கக் கண்ணாடி உடைந்து தார்ச்சாலையில் சிதறியது. மாதாவே, ரோஸ்லின், ரோஸ்லின் என்று மனசுக்குள் ஓடியது. உதடுகள் நடுங்கி அவர் வாயில் சரியாகப் பொருந்தவில்லை. அழுத்திப் பொருத்தி ஊதினாள். மூக்கருகே யானையின் நெடி, ஈரமண்ணும் சாணமும் கலந்த நெடி. இன்னொரு மூச்சு. இன்னொன்று. எத்தனை என்று பிறகு யார் கேட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

வெளிச்சம் திரும்பியது. தலையைத் தூக்கியபோது பெண்யானை காரைத் தாண்டிச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. குட்டி வழுக்கிக்கொண்டே பின்னால் போனது. புதரில் நின்ற இரண்டும் அவசரமில்லாமல் தொடர்ந்தன.

ஆம்புலன்ஸ் பக்கத்தில் வந்து நின்றதும் இளம்பரிதி குதித்து ஓடிவந்தான். ரப்பர்ப்பையை அவர் முகத்தில் வைத்து அழுத்தத் தொடங்கிய பிறகும் அவள் தன்னையறியாமல் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

பென்னாகரம் அரசு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்தை உடனே ஏற்றினார்கள். அங்கிருந்து தருமபுரிக்கு அனுப்பி, மூச்சுக்கருவியில் வைத்தார்கள். இரவோடிரவாக வந்து சேர்ந்த பிரவீன் அப்பாவைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதான்.

"போதும் ராணி. எல்லாத்தையும் பூட்டிடலாம். அப்பாவையும் கூட்டிக்கிட்டு பெங்களூரே போயிடலாம். இனி அந்தக் காட்டுப் பக்கமே வேணாம்."

அவள் கேட்க நினைத்த சொல்தான் அது. ஒரு வாரத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் அவனைக் கட்டிக்கொண்டிருப்பாள். இப்போது கோபம்தான் வந்தது.

"போலாம்னு நீயே சொன்ன, வந்தோம். இப்ப திரும்பிப் போலாம்னும் நீயே சொல்ற. நடுவுல அங்க இருந்தது நானு. இந்தத் தடவை நான் சொல்றேன், நீ கேளு."

"என்ன சொல்ற?"

"இன்னும் தெரியல. யோசிக்க வுடு."

வாயிலிருந்த குழாயை எடுத்த மறுநாள் சவரிமுத்துவுக்குக் குரல் கரகரவென்று வந்தது. ஜெயராணி கஞ்சியை ஸ்பூனில் எடுத்து நீட்டினாள். இரண்டு வாய் குடித்துவிட்டு அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஜூன்ல போயிக்கங்கம்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். யாரு வுடறதுக்குன்னு கேட்டியே, ஞாயந்தான்."

"மாமா, அதை வுடுங்க."

"எனுக்குக் காதுல எல்லாம் கேட்டுச்சு ராணி. ஒடம்புதான் செத்துக் கெடந்துச்சு. யானை வந்தது தெரிஞ்சுது. ஓடிப்போம்மான்னு சொல்லப் பாத்தேன், நாக்கு வரல."

அவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று சாலையில் வராத அழுகை அப்போது வந்தது. அவர் ஊசி குத்தியிருந்த கையால் கட்டில் விளிம்பைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பென்னாகரத்துல ஆஸ்பத்திரிக்குப் பின்னால தெருவுல வூடு பாக்கறேன். எல்லாரும் அங்க இருக்கலாம். புள்ளைக்கும் அங்கயே பள்ளிக்கூடம். நீங்க காலையில பஸ் ஏறிக் கொல்லைக்குப் போங்க, பொழுது எறங்கறதுக்குள்ள வந்துடணும்."

"மாடு?"

"தீர்த்தம்மாக்கா பாத்துக்குவாங்க."

"மாட்ட வுட்டுட்டு நான் எப்பிடி..."

"மாமா."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். "அந்தக் கஞ்சியக் குடு" என்றார்.

ஜூனில் குடிபெயர்ந்தார்கள். யாருக்கும் முழுத் திருப்தியில்லை. பிரவீனுக்கு வாராவாரம் பஸ் பயணம். பக்கத்து வீட்டில் குப்பை கொளுத்திய ஒருநாள் ரோஸ்லினுக்கு லேசாக இழுத்தது; ஜெயராணி விடிய விடிய மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்; விடிந்ததும் அந்த வீட்டுக்காரரிடம் போய்ச் சண்டை போட்டாள். சனி ஞாயிறுகளில் எல்லோரும் கொல்லைக்குப் போனார்கள். பிள்ளை வேலி வரைக்கும் ஓடினாள். ஜெயராணி பின்னாலேயே ஓடினாள்.

மற்ற நாட்களில் சாயங்காலம் ஆனால் அவளுக்கு உள்ளே இருப்புக் கொள்ளாது. ஒகேனக்கல் பஸ் வருகிற நேரத்துக்குத் தெருமுனையில் போய் நிற்பாள். ஒருநாள் பஸ் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது சவரிமுத்து கடைசி ஆளாக, கீரைக்கட்டை அணைத்தபடி இறங்கினார்.

"ஏன் இவ்ளோ நேரம்?" என்றாள். குரல் உயர்ந்துவிட்டது.

"வழியில யானைம்மா. டிரைவர் வெளக்கெல்லாம் அணைச்சிட்டு நிறுத்திட்டான். ஒருத்தரும் மூச்சு வுடல."

"போன் பண்றதுக்கென்ன?"

"சத்தம் போடக்கூடாதில்ல" என்றார் அவர். கீரைக்கட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்.