ஓடிவந்தவனுக்கு ஒளிய ஓர் இடம்

வள்ளிக்கண்ணுவின் புருஷன் மருதை பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவன், லீவு முடிந்தும் திரும்பிப் போகவில்லை. அது ஐம்பத்தேழாம் வருஷம், சண்டை எதுவும் இல்லாத காலம். செகந்திராபாத்தில் காலையில் கவாத்து, மாலையில் பூட்ஸுக்குப் பாலிஷ். இதற்குத்தானா பிறந்தேன் என்று அலுத்துக்கொண்டவன், ஸ்ரீரங்கத்தில் மனைவி பூக்கட்டி விற்றுப் போடுகிற சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு வீட்டோடு தங்கிவிட்டான்.

அப்படி ஓடிவந்தவனை உள்ளூர்ப் போலீஸ் பிடித்து ஒப்படைக்க வேண்டும் என்று ராணுவச் சட்டம் சொல்கிறது. அதற்காக மதுரைவீரன் என்ற கான்ஸ்டபிள் அவ்வப்போது சைக்கிளில் வந்து, "ஏம்மா, மருதை வந்தானா?" என்று கேட்டுவிட்டுப் போவார். மருதையை அவர் நேரில் பார்த்ததில்லை. சைக்கிள் மணி கேட்டதும் மருதை பரண்மேல் ஏறிவிடுவான். அவர் போனதும் இறங்கி, குழம்பில் உப்புப் போதவில்லை என்பான். தெருவுக்கே விஷயம் தெரியும். ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. ஐந்து வருஷம் இப்படியே ஓடியது. வேலைக்குப் போக முடியாது, கோயிலுக்குப் போக முடியாது. வீட்டில் அதிகாரம் பண்ண மட்டும் அவனால் முடிந்தது.

பொறுத்துப் பார்த்த வள்ளிக்கண்ணு ஒருநாள் பஸ் ஏறித் திருச்சியில் ஒரு வக்கீலைப் பார்த்தாள்.

"எத்தனை வருஷம் ஒளிஞ்சிருந்தா இது ஓயுங்க ஐயா?"

"ஓயாதும்மா. மத்த குத்தம்னா பெரும்பாலும் மூணு வருஷத்துல காலாவதி. ஓடிப்போனதுக்கு அது கிடையாது. கிழவனானாலும் பிடிக்கலாம்." வக்கீல் தடிப் புத்தகத்தைப் புரட்டினார். திடீரென்று அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "ஒரே ஒரு வழி இருக்கு. சண்டை இல்லாதப்ப ஓடினவன், அப்புறம் பட்டாளத்துல மூணு வருஷம் தொடர்ந்து, குறை சொல்ல முடியாதபடி வேலை பார்த்திருந்தான்னா, அவன்மேல வழக்கு நடத்தக் கூடாதாம்."

"அவரைத்தான் பிடிச்சிடுவாங்களே. எப்படிச் சேருவாரு?"

"வேற பேர்ல சேர்ந்தா அதுவும் குத்தம்தான். ஆனா அந்தக் குத்தமும் அதே மூணு வருஷத்துல கரைஞ்சிடும்." அவர் அவசரமாகப் புத்தகத்தை மூடினார். "நான் சேரச் சொல்லலை. இருக்கறதைச் சொன்னேன்."

வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்னபோது மருதைக்குக் கோபம் வந்தது. "ஓடி வந்த இடத்துலயே போய் ஒளியச் சொல்றியா?"

"பரண்ல எத்தனை நாளைக்கு இருப்பீங்க?" என்றாள் அவள்.

அந்தச் சமயம் சீனாக்காரன் சண்டை வந்தது. திருச்சியில் மன்னார்புரம் பக்கத்து மைதானத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். பரண் அலுத்துப்போன மருதை, துறையூர் சின்னையா என்ற பெயரில் வரிசையில் நின்றான். ஹவில்தார் அதட்டியதும் மற்றவர்கள் இடது வலது தெரியாமல் தடுமாற, மருதையின் குதிகால்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டன.

"எங்கேய்யா கத்துக்கிட்டே?" என்றார் ஹவில்தார்.

மருதை வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். வேலி ஓரத்தில் நின்ற வள்ளிக்கண்ணுதான், "எங்க ஊர் ஸ்கூல்ல டிரில் வாத்தியார் ரொம்பக் கண்டிப்புங்க" என்றாள்.

பழைய பட்டாளத்தில் அவன் மற்றவர்களைப் போல் அரைமனதாகக் காலம் தள்ளியிருந்தான். இப்போது அது முடியாது. ஒரு சின்னத் தண்டனை வாங்கினாலும் அந்த மூன்று வருஷக் கணக்குக் கெட்டுவிடும் என்ற பயத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்தான். வசவு வாங்கும்போதும் நிமிர்ந்து நின்றான். அடுத்த வருஷம் லீவில் வந்தபோது தோளும் மார்புமாக ஆளே மாறியிருந்தான். அவன் சீருடைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மதுரைவீரன் உள்ளே வந்துவிட்டார். பரண் ஏற நேரமில்லை.

"மருதை வந்தானா?" என்றவர், சீருடையைப் பார்த்துத் தயங்கினார். "இவரு?"

"வீட்டுக்காரரோட அண்ணனுங்க. பட்டாளத்துல இருக்காரு."

மதுரைவீரன் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். "ஒரே வயித்துல எப்படிங்க ரெண்டு விதம்? உங்களைப் பார்த்தாவது அவனுக்குப் புத்தி வந்திருக்கக் கூடாதா?"

"அவனுக்கு ஒழுங்கு கிடையாதுங்க," என்றான் மருதை. பயத்தில் சொன்னதல்ல அது. உண்மையாகவே எரிச்சல்பட்டுத்தான் சொன்னான். வள்ளிக்கண்ணு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

அறுபத்தைந்தில் பாகிஸ்தான் சண்டை. பல வாரம் கடிதம் வராமல் அவள் பூக்கூடையோடு ரேடியோக் கடை வாசலில் போய் நின்றாள். அவனைச் சாவுக்கு அனுப்பியது தான்தானோ என்று தன்னையே நொந்துகொண்டாள். அவன் உயிரோடு வந்தான். மூன்று வருஷம் முடிந்ததும் அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். அவர் சட்டப் புத்தகத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்தாராம். வழக்கு இல்லை. சொந்தப் பெயரும் திரும்பக் கிடைத்தது. அந்தப் பெயரோடு லீவில் வீட்டுக்கு வந்தான்.

"இனிமே வீட்டோட இருங்க. யாரும் தேட மாட்டாங்க," என்றாள் வள்ளிக்கண்ணு.

மருதை படுக்கையை மூலை சரியாக மடித்து வைத்துக்கொண்டிருந்தான். "இன்னும் சில வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன் வள்ளி. புதுப் பசங்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லியிருக்காங்க."

"என்ன பாடம்?"

அவன் கொஞ்சம் கூச்சப்பட்டான். "லீவுல போனவன் நேரத்துக்குத் திரும்பலேன்னா என்ன ஆகும்ங்கறதுதான். நீயும் வந்துடேன். குவார்ட்டர்ஸ் குடுப்பாங்க. காலையில அஞ்சு மணிக்கு எழுந்து..."

"நான் வரலை," என்றாள் அவள். "எனக்கு இங்க வியாபாரம் இருக்கு."

லீவு முடிவதற்கு முந்தின நாளே அவன் ரயிலேறத் திருச்சி ஜங்ஷனுக்குக் கிளம்பிவிட்டான். ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, பூக்கூடையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தாள்.