சாம்பல் புதனில் செய்த கவாத்து

அறுபத்தெட்டாம் வருஷம் சாம்பல் புதன் அன்று, கோயிலில் நெற்றியில் பூசிய சாம்பலைக்கூட அழிக்காமல், கிருபாராணி கத்தரிக்கோலோடு வேலியோரம் போனாள். பன்னிரண்டு எட்வர்ட் ரோஜாச் செடிகளையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் கவாத்து செய்துவிட்டாள். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கொஞ்சம் மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். அப்போதுதான் தண்ணீர் தேங்காமல் வழியும். புதுக்கிளையும் உள்ளே நெருக்காமல் வெளியே பரவும்.

அந்த நாளில் வெட்டியதற்குக் காரணம் இருந்தது. போன நவம்பரில் வெட்டிய செடிகள் சரியாக நாற்பத்தாறாம் நாள், கிறிஸ்மஸ் காலையில் பூத்தன. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் ஞாயிறும் நாற்பத்தாறு நாள்தான். விரல் மடக்கி எண்ணியபோது, ஆண்டவரே நாள் குறித்துக் கொடுத்தது போல அவளுக்கு இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் பூசை முடிந்ததும் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் ஜான்பீட்டரிடம் சொல்லிவிட்டாள்: "இந்த ஈஸ்டருக்குப் பீடத்துப் பூ எங்க வீட்டுதுங்க. பெங்களூருக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம்."

"நெசமாத்தானே அம்மா? சொல்லாம விட்டா அந்தப் பூக்காரர் வேற கோயிலுக்கு ஒத்துக்குவார். அப்புறம் பீடம் மொட்டையா நிக்கும்."

"நிக்காதுங்க."

மத்திகிரியில் மார்ச் மாதம் வெயில் ஏறியது. செடிகள் செந்துளிர் விட்டன. மொக்கு கட்டின. எட்வர்ட் ரோஜா கொத்தாக மொக்கு விடும் சாதி. நடுவில் பெரியது ஒன்று, அதைச் சுற்றிச் சின்னதாக மூன்று நான்கு. நடுமொக்குப் பெரிதாக வேண்டும் என்று சுற்றியிருப்பதைக் கிள்ளிவிடுவதுதான் வழக்கம். மூன்று செடிகளில் அவளும் கிள்ளிவிட்டாள். நான்காவதைத் தொடுவதற்குள் பக்கத்து வீட்டு நஞ்சம்மாவின் ஆடு வேலியில் தலையை நுழைத்து, ஓரத்துச் செடியின் நடுமொக்குகளைக் கடித்துவிட்டது. அன்று தெருவே கேட்கிற மாதிரி சண்டை. மற்ற செடிகளைக் கிள்ளுகிற வேலை அப்படியே நின்று போனது.

முப்பத்திரண்டாம் நாள் ஞாயிறு. கோயிலில் சாமி சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். இனி ஈஸ்டர்வரை துணியும் விலகாது, பீடத்தில் பூவும் கிடையாது. வீட்டுக்கு வந்து வேலியோரம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். நடுமொக்குகள் கொட்டைப்பாக்கு அளவுக்குப் பருத்து, பச்சை இதழ் பிளந்து, உள்ளே ரோஜா நிறம் கோடாகத் தெரிந்தது. ஐந்தாறு நாளில் விரிந்துவிடும். ஈஸ்டருக்கோ இன்னும் பதினாலு நாள்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நாற்பத்தாறு, மார்கழிக் குளிரின் கணக்கு. குளிரில் மொக்கு மெல்ல வளரும், வெயிலில் ஓடும்.

கணவன் அருள்ஜோசப், கால்நடைப் பண்ணையில் பால்வண்டி ஓட்டுகிறவன், எட்டிப் பார்த்தான். "வெட்டிப் பானைத் தண்ணியில வெச்சா நிக்காதா?"

"மூணு நாள் நிக்கும். மீதி நாளுக்கு உங்க பால்வண்டியில வெச்சுக் குளிர வெப்பீங்களா?"

"பெங்களூர்க்காரர்கிட்ட நான் வேணா போய்க் கேக்கட்டுமா?"

"அவர் வேற கோயிலுக்கு ஒத்துக்கிட்டாராம். இன்னைக்குத்தான் உபதேசியார் சொன்னார், சிரிச்சுக்கிட்டே."

அந்த நேரம் பார்த்து நஞ்சம்மா யுகாதிக்குச் சுட்ட ஒப்பட்டுப் போளி இரண்டை இலையில் சுற்றிக்கொண்டு வந்தாள். சண்டைக்குப் பிறகு இதுதான் முதல் வருகை. "பூ சீக்கிரம் வந்துட்டா எங்க எல்லம்மா சாமிக்குக் குடு ராணி. அவளுக்கு நாங்க துணி போட்டு மூடறதில்ல."

"உங்க ஆடு தின்னது போக மிஞ்சினாத் தரேன், நஞ்சக்கா."

"இன்னும் அதையேதான் புடிச்சுட்டு இருக்கியா? என் ஆடு கடிச்ச செடி செத்தா போச்சு? அங்க பாரு, எப்படி நிக்குதுன்னு."

கிருபாராணி பார்த்தாள். அருகே போய்க் குனிந்து மறுபடியும் பார்த்தாள். ஆடு கடித்த கொத்துகளில் பக்கமொக்குகள் மற்ற செடிகளில் இருப்பதைவிடத் திரண்டிருந்தன. ஆனால் இன்னும் கெட்டிப் பச்சை. நடுமொக்கு இருக்கும்வரை சாறு அதற்குத்தான் முதலில் போகும். அதை எடுத்துவிட்டால் பின்னால் நிற்பவைக்குப் போகும். அவை விரிய இரண்டு வாரம் ஆகும்.

அதாவது, நல்ல மொக்கை எல்லாம் அவளே கிள்ள வேண்டும்.

முறத்தை எடுத்து வந்தாள். முதல் மொக்கைக் கிள்ளும்போது விரல் தயங்கியது. பிறகு தயங்கவில்லை.

"சாமிக்குன்னு வளர்த்தத நீயே கிள்ளறியே, புத்தி கெட்டுப்போச்சா?" என்றான் அருள்ஜோசப்.

"சின்னது வரும். அன்னைக்கு வரும். பெருசு வேணும்னா அன்னைக்கு வராது. எது வேணும்?"

ஏற்கெனவே பக்கமொக்குகளைக் கிள்ளிவிட்ட மூன்று செடிகளுக்கு மட்டும் வழியில்லை. அவற்றின் பூக்கள் எல்லம்மாவுக்குப் போயின. மற்ற ஒன்பதுக்கும் காலையில் வேரில் தண்ணீர், மேற்கு வெயிலுக்கு ஈரச்சாக்கு. புதிதாக எரு எதுவும் போடவில்லை. இந்த நேரத்தில் போட்டால் தழைதான் ஓடும். குருத்து ஞாயிறு அன்றும் மொக்குகள் பச்சையாகவே இருந்தன. பெரிய வியாழன் சாயங்காலம் முதல் மொக்கில் நிறம் தெரிந்தது. சனிக்கிழமை எல்லாவற்றிலும் தெரிந்தது.

ஈஸ்டர் அன்று வெயில் படுமுன் அரைவிரிப்பில் வெட்டினாள். நாற்பத்தொரு பூக்கள். ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவுகூட இல்லை.

உபதேசியார் பக்கெட்டுக்குள் பார்த்தார். "என்னம்மா, இவ்வளவு பொடிசா இருக்குது? பெரிய ஜாடியில போட்டா உள்ள முங்கிப் போயிருமே."

"ஜாடி வேண்டாமுங்க." அவள் பையிலிருந்து ஆறு பித்தளைச் செம்புகளை எடுத்துப் பீடத்தில் வரிசையாக வைத்து, காம்பைக் குட்டையாக நறுக்கி நெருக்கி அடுக்கினாள். ஊதாத் துணி விலகியிருந்த சுரூபத்தின் காலடி நிறைந்தது. ஜான்பீட்டர் நாலடி பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, ஒரு செம்பைச் சற்று நகர்த்தினார். பிறகு மணியடிக்கப் போனார்.

வீட்டுக்கு வந்ததும், அடுத்த வருஷ நினைவுக்காக, காலண்டரில் சாம்பல் புதனுக்கு அடுத்த வாரத்து வியாழனைப் பென்சிலால் வட்டமிட்டு, 'கவாத்து, வெயில் கணக்கு, முப்பத்தெட்டு நாள்' என்று எழுதினாள். பிறகு ரோஜாச் செடியிலிருந்து ஒரு கொத்து இலையை ஒடித்து, வேலிக்கு அப்பால் நின்ற ஆட்டிடம் நீட்டினாள்.

"இதப் பாருடி!" என்றாள் நஞ்சம்மா. "அன்னைக்குத் திட்டின திட்டுக்கு இன்னைக்குப் படையலா?"

"இலை மட்டும்தான் அக்கா," என்றாள் கிருபாராணி. "மொக்கை இனி நானே பாத்துக்கறேன்."