ரத்தம் ஒத்துக்காதவன்

கூடத்தில் இடம் செய்வதற்காகக் கிளிக்கூண்டைத் தூக்கிய பெரியவன், கீழே கிடந்த செருப்பில் கால் இடறித் தடுமாறினான். கூண்டு கதவுநிலையில் போய் மோதியது. உள்ளே கிளி வீலென்று கத்தியது.

"குடு, நான் பாத்துக்கறேன்" என்று சின்னவன் கூண்டை வாங்கிக்கொண்டான்.

அப்பா விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார். உடம்பைத் துடைத்து, உடை மாற்றி, அறையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெரியவன் மின்வாரியத்தில் லைன்மேன். மேஜை, நாற்காலி, டிவி என்று ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரங்கட்டிக்கொண்டிருந்தான். நின்றால் அழுகை வந்துவிடும் என்பதுபோல ஓடிக்கொண்டே இருந்தான்.

சமையலறை மேடையில் கூண்டை இறக்கிய பிறகுதான் சின்னவன் ரத்தத்தைப் பார்த்தான். கிளியின் இடது காலில் ஒரு நகம் பாதியில் பிய்ந்திருந்தது. பயத்தில் அது கம்பிக்குக் கம்பி தாவ, சுவரிலெல்லாம் ரத்தம் தெறித்தது.

கிளிக்கு மந்திரி என்று பேர். ஒரு வேலையும் செய்யாமல் வேளாவேளைக்கு வக்கணையாகத் தின்கிறது என்று அப்பா வைத்த பேர். வாங்கிவந்ததும் வளர்த்ததும் சின்னவன்தான்.

அவன் யோசிக்கவே இல்லை. ஜன்னலைச் சாத்தினான். துண்டை விரித்து, பின்பக்கமாகக் கொண்டுபோய்க் கிளியை அப்படியே பொதிந்து எடுத்தான். நெஞ்சை அழுத்தினால் பறவைக்கு மூச்சு முட்டிவிடும் என்று கிளி விற்றவர் சொல்லியிருந்தார். கழுத்தின் இரண்டு பக்கமும் விரல் கொடுத்துப் பதமாகப் பிடித்துக்கொண்டான். கடிகாரம் பழுது பார்க்கிறவனின் விரல்கள். கடுகளவு திருகாணியையும் பதறாமல் எடுக்கிற விரல்கள். சோள மாவு டப்பாவை முழங்கையால் இழுத்து, மூடியைப் பல்லால் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து நகத்தின் நுனியில் வைத்து அழுத்தினான். மாவு சிவந்தது. இன்னொரு சிட்டிகை வைத்தான்.

"ஒண்ணுமில்லடா ராஜா. கொஞ்சம் பொறுத்துக்கோ. ஆச்சு, இதோ ஆச்சு."

கிளி அவன் கட்டைவிரலைக் கடித்தது. கடிக்கட்டும் என்று விட்டான்.

தலை நிமிர்ந்தபோது வாசலில் அண்ணி. அடுப்பில் வைத்த வெந்நீரை எடுக்க வந்தவள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ! அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவன் முகத்தை அல்ல. ரத்தமாயிருந்த விரல்களை.

சின்னவனுக்குக் காது மடல் சுட்டது.

படுக்கையில் விழுந்த பிறகு அப்பாவுக்குக் குதிகாலில் புண் வந்தது. சர்க்கரை உடம்பு, தினமும் கட்டு மாற்ற வேண்டும். பகலெல்லாம் வீட்டில் இருப்பவன் சின்னவன்தான். வாசல் அறைதான் அவன் கடை. எப்படிச் செய்வது என்று காட்ட வந்த நர்ஸ் கட்டை அவிழ்த்ததும், அந்த வாடைக்கு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எனக்கு ரத்தம் ஒத்துக்காது, மயக்கம் வந்துடும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வெளியே போனான். அதுவே நிலைத்துவிட்டது. பேக்கரியில் நாளெல்லாம் நின்று களைத்து வரும் அண்ணி, தரையில் உட்கார்ந்து அப்பாவின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். ஒருமுறை அவளே காய்ச்சலில் கிடந்தாள். 'இன்னைக்கு மட்டும்' என்று அவள் கேட்பதற்குள், "அவனை விடும்மா, பாவம், சின்ன வயசுலேர்ந்தே பயந்தாங்கொள்ளி" என்று அப்பா முந்திக்கொண்டார். சுவருக்கு இந்தப் பக்கம் அது தெளிவாகக் கேட்டது. சின்னவன் லென்ஸைக் கண்ணில் செருகி, ஏதோ ஒரு கடிகாரத்தின்மேல் குனிந்துகொண்டான்.

சின்ன வயதில் அவன் எதற்கும் பயந்தவன் இல்லை. அது அப்பாவுக்கும் தெரியும்.

"நின்னுடுச்சா?" என்றாள் அண்ணி.

"நின்னுடுச்சு."

"நகம்தானே?"

"நகம்தான். அண்ணி, நான் வந்து..."

அவள் அலமாரியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தாள். அதிலிருந்த பஞ்சு, கட்டுத்துணி, பாதி தீர்ந்த களிம்பு எல்லாவற்றையும் மேடைமேல் கவிழ்த்தாள். அடியில் பழைய துணியை மடித்துப் போட்டு அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இதுல வைங்க தம்பி. கொஞ்சம் இருட்டா இருந்தா அடங்கிடும். ஆளுங்க வரப் போக இருப்பாங்க, கூண்டுல இருந்தா மிரளும்."

நாலு வார்த்தை சுடச்சுடக் கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. கிளியைப் பெட்டிக்குள் விட்டுவிட்டுக் கை கழுவினான். மாவும் ரத்தமும் சேர்ந்து பசைபோல நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை.

"வெந்நி எங்க?" என்று அறையிலிருந்து பெரியவன் குரல் கொடுத்தான்.

அண்ணி பாத்திரத்தில் கை வைப்பதற்குள் சின்னவன் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டான். அறை வாசலில் பெரியவன் குறுக்கே கை நீட்டி மறித்தான்.

"நீ வேணாம்டா. கால் கட்டை வேற அவுக்கணும். ரத்தம் கித்தம் இருந்தா தொபுக்கடீர்னு விழுந்து வைப்ப. அப்புறம் உன்னை வேற தூக்கணும்."

சிரிக்கப் பார்த்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

சின்னவனுக்குப் பின்னாலேயே அண்ணி வந்திருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வாள் என்று அவன் காத்திருந்தான். சொல்லிவிடட்டும் என்றும் நினைத்தான்.

"வழி விடுங்க, வெந்நி ஆறிடும்" என்றாள் அவள், புருஷனிடம்.

அப்பாவின் கால்மாட்டில் சின்னவன் மண்டியிட்டான். முந்தின நாள் அண்ணி போட்ட முடிச்சு. இழுத்ததும் அவிழ்ந்தது. வாடையை எதிர்பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றுச் சுற்றாகப் பிரித்தான். வாடை இல்லை. ரத்தமும் இல்லை. ஓரமெல்லாம் காய்ந்து, நடுவில் மட்டும் வெளிர்ச்சிவப்பாக, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு புண். இத்தனை நாளும் இந்தக் கால் பக்கம் பார்க்காமல் சுற்றிக்கொண்டுதான் அவன் அறைக்குள் போய்வந்தான்.

துணியை நனைத்துப் பிழிந்து, குதிகாலைத் துடைத்தான். பிறகு விரலிடுக்குகளை, ஒவ்வொன்றாக.

முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பெரியவன் குனிந்து, அவன் கக்கங்களுக்குள் இரண்டு கைகளையும் கொடுத்து இறுகப் பிடித்துக்கொண்டான்.

"முடியலன்னா கண்ணை மூடிக்கோடா. நான் புடிச்சிருக்கேன்."

கம்பம் ஏறிக் காய்த்துப்போன கைகள். சின்னவன் இரண்டு காலையும் துடைத்து முடிக்கும்வரை அவை தளரவே இல்லை.