நாலரை மணித் தண்ணீர்

குடத்தில் விழும் தண்ணீரை ஒரு வெள்ளைக்காரர் மண்டியிட்டுப் படம் பிடிக்கிறார், அம்மா முந்தானையைச் சரிசெய்துகொள்கிறாள், குழாயடியில் அவள் இப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை, அல்லது பட்டம் வாங்கப் போன நான் எதையும் பார்க்கவில்லையோ, எங்கள் குப்பத்துக்குத் தண்ணீர் காலை ஆறு மணிக்குத்தான் வந்துகொண்டிருந்தது, அம்மா ஆறு குடம் பிடித்துவிட்டு மீன் ஏலத்துக்கு ஓடுவாள், திடீரென்று அது மாலை நாலரைக்கு மாறியது, டேங்க் ரிப்பேர் என்றார்கள், ரிப்பேர் முடிந்து எட்டு மாதமாகிறது, அம்மா பாதி விற்ற கூடையோடு சந்தையிலிருந்து ஓடிவருகிறாள், அதே நாலரைக்குத்தான், என்னோடு பத்தாவது வரை படித்த லூர்து, பழைய ஊரைக் காட்டுகிறேன் என்று சுற்றுலாக்காரர்களை எங்கள் தெருவுக்குள் நடத்திக்கொண்டு வருகிறான், தற்செயலாம், நான் நம்பவில்லை, யாரையும் நம்பவில்லை, எதிர்வீட்டு அஞ்சலை அக்கா அம்மாவோடு போடும் சண்டையைக்கூட, எங்கொடத்த ஏண்டி நவுத்துன என்பாள் அம்மா, ஆமா, பெரிய கலெக்டர் வூட்டுக் கொடம் என்பாள் அக்கா, முதல்நாள் அது உண்மையான சண்டை, வந்தவர்கள் கைதட்டினார்கள், மறுநாளும் நடந்தது, அதற்கு மறுநாளும், அவர்கள் போனதும் அக்கா நண்டுக் குழம்பு கொடுத்தனுப்புகிறாள், என் கனவிலும் இருவரும் சண்டையிடுகிறார்கள், குடங்களில் தண்ணீரே இல்லை.

பழையபடி காலையில் தண்ணீர் வேண்டுமென்று மனு எழுதி நேற்று அம்மாவிடம்தான் முதலில் நீட்டினேன், கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள், ஏம்மா, உன் யாவாரம்தானே போவுது, போவட்டும், காலைல வந்தா என்னய யாரு பாக்குறா, பாக்குறதுக்கு நீ என்ன கோயில் செலயா, நீ காலேஜ் வாசல்ல என்னயும் கூடயயும் பாத்துட்டுத் தலயத் திருப்பிக்கினு போனவதான, இவுங்க நின்னு பாக்குறாங்கடி என்றாள், அவளிடம் காட்ட முடியாத கோபத்தை இன்று லூர்துவிடம் கொட்டுகிறேன், எங்க தண்ணிய உன் டைமுக்கு மாத்துனது யாருடா, மனுவை அவன் முகத்துக்கு நேரே ஆட்டுகிறேன், வந்திருப்பவர்களுக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்துக்குத் தாவுகிறேன், கைபேசிகள் குழாயை விட்டு என் பக்கம் திரும்புகின்றன, என் குரல் ஏறுகிறது, கை தானாகத் துப்பட்டாவைச் சரிசெய்கிறது, சூப்பர், பட்டதாரி, நாளைக்கும் வா என்கிறான் லூர்து, குடம் நிரம்பி வழிந்து தெருவில் ஓடுகிறது, குழாயை மூடாமல், என்னையே பார்த்தபடி, அம்மா ஓரடி நகர்ந்து தன் பக்கத்தில் எனக்கு இடம் விடுகிறாள்.