காயக் காய ஈரம்

காலையிலிருந்து இரண்டு தடவை காயவைத்த நெல், ஒவ்வொரு தடவையும் முன்னைவிட ஈரமாகிக்கொண்டே போனது. இப்படியொரு கூத்தை அம்சம் தன் ஐம்பது வயதில் பார்த்ததில்லை.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் அரசாங்கக் கொள்முதல் நிலையம். ஈரம் நூற்றுக்குப் பதினேழுக்குள் இருந்தால்தான் நெல்லை எடுப்பார்கள். அதைச் சொல்வதற்கு ஒரு மீட்டர். பில் கிளார்க் துரைராசு ஒரு பிடி நெல்லை அதற்குள் போட்டு மூடுவார், எண் மின்னும். முதலில் 17.9 வந்தது. சரி, போகட்டும் என்று களத்துச் சிமெண்டில் பரப்பி, புரட்டாசி வெயிலில் காலால் துழாவி, சூடு ஆறுவதற்குள் முறத்தில் அள்ளிக்கொண்டு ஓடினாள். 18.6. இன்னும் ஒரு மணி நேரம் காயப்போட்டு ஓடினாள். 19.4. பல்லில் கடித்தால் நறுக்கென்று உடைகிற நெல், ஐயா!

அவளுக்கு இது வெறும் நெல்லில்லை. அது விளைந்த மூன்று மா நிலம், உச்சவரம்புச் சட்டத்தில் அவள் அப்பா மருதையனுக்கு வந்தது. அதைத் தங்களுடையது என்று பழைய மிராசு வைத்தியலிங்கம் பதினொரு வருடமாக வழக்காடுகிறார். திங்கட்கிழமை வாய்தா. சாகுபடி செய்வது நீதான் என்று காட்ட உன் பேரில் கொள்முதல் ரசீது ஒன்றாவது கொண்டுவா என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இத்தனை போகமும் வியாபாரியிடமே போட்டுத் தொலைத்தவளுக்கு ரசீதுக்கு எங்கே போவது? நிலையத்துக்கோ இன்று கடைசி நாள். வடக்கே மேகம் வேறு கட்டிக்கொண்டிருந்தது.

இதில், வைத்தியலிங்கத்தின் நெல் தார்ப்பாய் போர்த்திய டிராக்டரில் வந்தது; 16.5 என்று ஒரே வீச்சில் மூட்டையாகிவிட்டது. அம்சத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்துப் பேர் பார்க்கத் துரைராசுவிடம் கேட்டேவிட்டாள்.

"ஆளைப் பாத்து நம்பர் காட்டுற பொட்டியாய்யா இது?"

துரைராசு கோபப்படவில்லை. போட்டதை அது காட்டுகிறது, காட்டியதைத்தான் நான் படிக்கிறேன், எனக்கும்தான் விளங்கவில்லை என்றார். அந்த முகத்தைப் பார்த்தால் பொய் சொல்வதாகவும் தெரியவில்லை. யார்மீது கோபப்படுவது என்றே அவளுக்குக் குழம்பிப் போயிற்று.

எடைத்தராசைப் பழுதுபார்க்க வந்திருந்த கலந்தர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்து அவள் முறத்தில் கையை வைத்தவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இவ்வளவு சூடாவா போட்டீங்க? இந்த மீட்டருக்குள்ள நகத்தளவு சிப்பு ஒண்ணு இருக்குக்கா. ஒரே ஒரு வேலைக்குன்னு செஞ்சது. நெல்லுக்குள்ள கரண்டு எப்படிப் போவுதுன்னு பாத்து ஈரத்தைக் கணக்குப் போடும். சுடுற நெல்லுலயும் கரண்டு ஈர நெல்லு மாதிரியே போவும். மீட்டர் என்ன சூட்டுல இருக்கோ நெல்லும் அதே சூட்டுலதான் இருக்கும்னு அது நம்பிக்கிட்டிருக்கு. அதுக்கு அவ்வளவுதான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

அப்படியானால் காயவைக்கக் கூடாதா என்று அம்சம் விழித்தாள். காயவைக்கலாம், அந்த டிராக்டர் நெல்லைப்போல ஆறவைத்துக் கொண்டுவரவேண்டும் என்றார் அவர். காய்ந்த நெல்லை எதற்கு நிழலில் போடுவது? பாதி நம்பியும் பாதி நம்பாமலும் கொட்டகைக்குள் பரப்பிவிட்டு, மேகத்தைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து அள்ளிக்கொண்டு போனாள்.

16.2.

மூட்டை பிடித்தார்கள், எடை போட்டார்கள். ரசீதில் அம்சம், தகப்பனார் பெயர் மருதையன் என்று விழுந்தது. அவளுக்கு அழுகை வந்தது. கூடவே துரைராசுவை நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்றும் வந்தது.

ஆனால் துரைராசு மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப, போன வாரம் எங்க மாமனார் நெல்லு?" என்றார் கலந்தரிடம். "நாலு நாள் திருப்பித் திருப்பி அனுப்பினேன். மருமவன் சொல்லிட்டாரேன்னு தார் ரோட்டுல போட்டுக் காயவெச்சாரு. அஞ்சாம் நாள் மழையில மொத்தமும் மொளைச்சுப் போச்சு. சொந்தக்காரன்னு பாக்காம திருப்பினேன்னு ஊரெல்லாம் பெருமை வேற பேசினேனே."

அம்சம் கேட்க வந்ததைக் கேட்காமல், ரசீதை மடியில் செருகிக்கொண்டு, துரைராசு உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டாள்.