மூன்றாவது மிடறு

அண்ணனுக்குத் தெருவில் 'இடி' என்று பெயர். நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துகிற தொழில். அவர் சுத்தியலைத் தூக்கினால் நாலு கடை தள்ளி இருப்பவர்கூடப் போனை வைத்துவிடுவார். தட்டி முடித்த காருக்குப் பெயிண்ட் அடிப்பது தம்பி. இருபது வருஷமாக ஒரே ஷெட், அதன் பின்னாலேயே ஒரே வீடு. அண்ணன் தட்டியது தகரத்தை மட்டும் இல்லை. பதினாறு வயதில் தம்பிக்கு ஒரு பல் போனது, முப்பதில் இடது காது மந்தமானது. எப்படி என்று யாராவது கேட்டால், "அவருக்குக் கோவம் வந்துடுச்சு" என்பான், மழை வந்துவிட்டது என்கிற மாதிரி.

அண்ணனுக்கு ஒரு நாளைக்கு எட்டுக் கப் காபி வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை, கார் கதவு ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டு, கையில் சுத்தியலோடு சாய்ந்துவிட்டார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துக் காபியை நிறுத்தச் சொன்னார். விடவே முடியாதென்றால் கஃபீனை நீக்கி எடுத்த காபி குடிக்கலாம், அதில் அந்தச் சரக்கு பேருக்குத்தான் இருக்கும் என்றார்.

அண்ணி அந்தத் தூளை வாங்கி வந்து போட்டுக் கொடுத்தாள். அண்ணன் ஒரு வாய்தான் குடித்தார். பாத்திரம் கழுவின தண்ணி என்றார். கப் அண்ணியின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் உடைந்தது. அந்த வாரத்தில் ஐந்து கப் அப்படிப் போயின. சனிக்கிழமை ஒரு டாக்ஸிக்காரர், வண்டி எப்போது கிடைக்கும் என்று இரண்டாவது தடவை கேட்டுவிட்டார். அண்ணன் அவர் கண்ணெதிரிலேயே முன் கண்ணாடியை நொறுக்கினார்; தடுக்க வந்தவரின் மூக்கையும் உடைத்தார். ரத்தத்தைத் துடைக்கத் துணி கொடுத்ததும், கெஞ்சிக் கூத்தாடி அவரைப் போலீசுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டதும் தம்பிதான்.

அன்றைக்குத்தான் அவன் முடிவு செய்தான். இந்தக் காபி வாய்க்குப் பிடித்தமாதிரி ஆகிவிட்டால் வீட்டில் யார் மண்டையும் உடையாது.

பெயிண்ட் கலக்குகிறவனுக்குத் தண்ணியாக இருப்பது எது, கெட்டியாக நிற்பது எது என்று கண்ணே சொல்லிவிடும். பாக்கெட்டில் எப்போதோ அரைத்த தூளைத் தூக்கிப் போட்டான். கஃபீன் எடுத்த கொட்டையையே, நன்றாகக் கறுக்க வறுத்ததாக, புதிதாக வாங்கினான். குடிக்கிற நேரத்துக்குக் கையால் அரைத்தான். அந்தக் கொட்டை சட்டென்று நொறுங்கிவிடுகிறது, வாசமும் சீக்கிரம் பறந்துவிடுகிறது என்று இரண்டு நாளில் கண்டுகொண்டான். இரண்டு கரண்டி போட்ட இடத்தில் மூன்று போட்டான். முதலில் வைத்திருந்த காகித வடிகட்டி ருசி தருகிற காபி எண்ணெயையெல்லாம் குடித்துவிடுகிறது என்று தெரிந்ததும், கண்ணாடி ஜாடியில் ஊற வைத்துக் கம்பி வலையில் வடித்தான். கொதித்த தண்ணீரை அரை நிமிஷம் ஆறவிட்டு, கொஞ்சமாக ஊற்றித் தூளை நனைத்து, அது பொங்கி அடங்கிய பிறகு மிச்சத்தை ஊற்றினான். நாலு நிமிஷம் போதவில்லை, ஏழு நிமிஷம் கசந்தது. ஐந்தில் நின்றான். பன்னிரண்டாவது நாள் கரண்டியிலிருந்து சொட்டிய சொட்டு நிதானமாக, கறுப்பாக விழுந்தது. குடித்துப் பார்த்தான். நாக்கை முழுக்கப் போர்த்திக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார். தம்பி கப்பை வைத்தான். முதல் மிடறில் அண்ணன் கண்ணை மூடினார். இரண்டாவதில் சிரித்தார், அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. மூன்றாவது மிடறில் முகம் கறுத்தது. கப்பை மெல்லக் கீழே வைத்தார். கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"இது அசல் காபி," என்றார்.

இல்லை என்றான் தம்பி. அண்ணி பாக்கெட்டை எடுத்துக் காட்டினாள். அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை. இவ்வளவு ருசியாக இருக்கிறதே, பிறகு எப்படி இது கஃபீன் இல்லாததாகும் என்றார். நெஞ்சு அடிக்கிறது என்றார்.

"ரெண்டு பேரும் சேந்து என்னைக் கொல்லப் பாக்கறீங்க."

எழுந்து ஷெட்டுக்குப் போனவர் சுத்தியலோடு திரும்பி வந்தார். முதல் அடி தலைக்கு வந்தது. தம்பி வலது கையைக் குறுக்கே நீட்டினான். மணிக்கட்டு உடைந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. இரண்டாவது அடியில் ஜாடி தூளானது. அண்ணி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். முழங்கை திரும்பி வந்து அவள் வாயில் இறங்கியது. அவள் கையில் ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினாள்.

அந்தப் பல்லைப் பார்த்ததும் தம்பிக்குள் என்னவோ அறுந்துபோனது. அடுத்த கப்புக்காக அடுப்பில் வைத்திருந்த கெட்டிலை இடது கையால் எடுத்து, கொதிக்கிற தண்ணீரை அண்ணன் தோளில் ஊற்றினான். அண்ணன் அலறினார், சுத்தியல் விழுந்தது. தம்பி நெற்றியால் அவர் முகத்தில் மோதினான். அவர் கண்ணாடிச் சில்லுகளின் மேல் மல்லாந்து விழுந்தார். நெஞ்சில் முழங்காலை ஊன்றி, இருந்த ஒரு கையால் கழுத்தைப் பிடித்தான். முழங்காலுக்கு அடியில் அவர் இதயம் கூடைக்குள் மாட்டின கோழி மாதிரி அடித்துக்கொண்டது. தம்பி அழுத்தினான். அண்ணன் முகம் நீலமாகிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க அவனுக்கு நன்றாக இருந்தது. அதுதான் அவனைப் பிறகு ரொம்ப நாள் தூங்கவிடாமல் செய்தது.

அண்ணி கத்தவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இவருக்காக நீங்க ஏன் தம்பி ஜெயிலுக்குப் போகணும்? விடுங்க."

விட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தம்பியின் கட்டிலருகே நின்று பாக்கெட்டை வாங்கிப் பார்த்தார். இதில் ஒரு கப் குடித்தால் இதயம் இப்படி ஓடாது, ஓட வைத்தது அவருடைய பயமும் கோபமும்தான் என்றார். அடுத்த கட்டிலில் கட்டுப் போட்ட தோளோடு படுத்திருந்த அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணி ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று தம்பியிடம் மட்டும் சொன்னாள். அவன் வேறொரு தெருவில் அறை எடுத்தான். மணிக்கட்டு கோணலாகக் கூடியது. இடது கையால் ஸ்ப்ரே அடிக்கப் பழகினான்.

மூன்று மாசம் கழித்து ஒரு காலையில் அண்ணன் அந்த அறை வாசலில் வந்து நின்றார். பாதியாக இளைத்திருந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் காபியை எப்படிப் போட்டாய் என்று கேட்டார். தானே போட்டுப் பார்த்தும் வரவில்லையாம். தம்பி கதவை மறித்து நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான், மூன்று கரண்டியிலிருந்து கம்பி வலை வரைக்கும். அண்ணன் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவ எங்க இருக்கா?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

அண்ணனின் கை முஷ்டியாகி மேலே வந்தது. தம்பி கையைத் தூக்கவும் இல்லை, பின்னால் போகவும் இல்லை. அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கண்ணில் என்ன தெரிந்ததோ, சமையலறைத் தரை ஞாபகம் வந்ததோ, அண்ணன் கை இறங்கியது. படியிறங்கினார். தெரு முனை திரும்பும்வரை தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான்.

அப்புறம் கதவைத் தாழ் போட்டான். அங்கேயே கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான்.