யாரும் சொல்லி வரவில்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது நான் திருடிய கதை. சஹாப் தொழிற்பேட்டையிலிருந்து அம்மான் நகருக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் மடியில் மூன்று தகரத் துண்டுகளை வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஒவ்வொன்றிலும் பாதி ஒரு பூச்சு, பாதி இன்னொரு பூச்சு. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் உற்று உற்றுப் பார்ப்பதைக் கண்டு அவளே பேச ஆரம்பித்தாள். தன் கதையில் காபி வருகிற இடம்வரை சொன்னாள். அதற்குள் நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது, இறங்கியும் தொலைத்தேன். ஆகவே காபிக்குப் பிறகு வருவதெல்லாம் என் கைச்சரக்கு. குறை இருந்தால் என்னைத் திட்டுங்கள், அவளை விட்டுவிடுங்கள்.

2

பஸ்ஸில் பார்த்தவள் பெயர் மய்சூன். தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"மய்சூன் பாவப்பட்ட பெண். நாற்பத்து மூன்று வயதில் வேலை போகப்போகிறது என்று தெரிந்த அன்று அவள் கண்ணீர்

(நிறுத்திவிட்டேன். அழ அவளுக்கு எங்கே நேரம்?)

"ஆலையை மூடப்போகிறார்கள் என்ற செய்தி தலையில் இடியாக

(இடியும் இல்லை, மின்னலும் இல்லை. தேநீர் போடும் மூலையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள், பெருநாளுக்குப் பிறகு ஆலை திறக்காது என்று. அவ்வளவுதான்.)

மூன்றாவது இது. இதை அடிப்பதாக இல்லை: காகிதம் ஒட்டிய அன்றே மய்சூன், சஹாபில் இருக்கிற மற்ற பெயிண்ட் ஆலைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதினாள். பதினோரு பெயர் வந்தது.

பதினேழு வருடமாக அவள் செய்தது நிறம் கலக்கும் வேலை. ஒருவர் ஓட்டுத் துண்டையோ திரைச்சீலையையோ கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்பார். அவள் பார்ப்பாள், கலப்பாள், கொடுப்பாள். வீட்டு வாடகையும், கல்லூரிக்குப் போகிற தங்கை மகளும் அந்தக் கண்ணை நம்பித்தான்.

கூட வேலை பார்த்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். அவரவர் சித்தப்பாவின் மைத்துனர் எங்கேயாவது போன் செய்து சொல்வார் என்று காத்திருந்தார்கள். இங்கே வேலை கிடைக்கும் வழி அது. வாஸ்தா என்பார்கள். நம் சிபாரிசுதான், கொஞ்சம் ஏலக்காய் கூடுதல்.*

* இந்த ஊர்க் காபியிலிருந்து எடுத்த இந்த ஏலக்காய் எனக்கே பிடிக்கவில்லை. வேறு ஏதாவது கிடைக்கும்வரை இருந்துவிட்டுப் போகட்டும்.

"இந்த வயசுல வாசல் வாசலா ஏறி இறங்கப் போறியா? மானம் போயிரும்டி" என்றாள் பக்கத்து மேசை இன்ஆம்.

"உக்காந்திருந்தா மானம் வந்து வாடகை கட்டுமா?" என்றாள் மய்சூன்.

3

மூன்று மணிக்கு வேலை முடியும். மற்ற ஆலைகளில் அலுவலகம் ஐந்துவரை திறந்திருக்கும். இடையில் ஒரு நாளைக்கு ஓர் ஆலை. வரவேற்பில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: யார் சொல்லி வந்தீங்க? யாரும் சொல்லலை, நானாத்தான் வந்தேன் என்பாள். சிரித்த முகத்தோடு அவள் விண்ணப்பக் காகிதத்தை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போடுவார்கள். நான்கு ஆலைகளில் நான்கு இழுப்பறை. ஐந்தாவதிலிருந்து காகிதத்தை விட்டுவிட்டு, ஒரு பாதியில் கேட்ட நிறமும் மறுபாதியில் தன் கையால் பொருத்திய நிறமுமாக இருந்த தகரங்களை எடுத்துப் போனாள். தகரத்தை எந்த இழுப்பறையிலும் சட்டென்று போட முடியாது.

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மனுஷி இவ்வளவு உறுதியாக இருப்பாளா? வாசகர் நம்புவாரா? அதனால் ஆறாவது ஆலை வாசலில் அவளை மனம் உடைந்து திரும்ப வைத்து எழுதினேன். பஸ் நிறுத்தம்வரை போனாள். கால் வலிக்க உட்கார்ந்தாள். "என்ன பிழைப்புடா இது" என்று வாய்விட்டே சொன்னாள். அதற்குமேல் நான் என்ன எழுதியும் வீட்டுக்குப் போக மறுத்துவிட்டாள். மறுநாள் பார்த்தால் ஏழாவது ஆலையில் நிற்கிறாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.]

4

எட்டாவது ஆலை. வரவேற்பில் இருந்த பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். மய்சூன் வழக்கமான பதிலைச் சொன்னாள். ஏழு இடத்தில் சொல்லிப் பழகியதால் குரலில் தயக்கம் போயிருந்தது. நிமிர்ந்து நின்று, யாரும் சொல்லலை என்றாள்.

வாஸ்தா இல்லாதவன் பக்கத்து வீட்டுக்காரரின் மாமா பெயரையாவது சொல்லி வைப்பான். யாருமே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. அப்படிச் சொல்கிறவளுக்குப் பின்னால் எப்பேர்ப்பட்ட ஆள் இருக்க வேண்டும்? அந்தப் பெண் உள்ளே ஓடிப்போய் முதலாளி அபூ லய்ஸிடம், பெரிய இடம் போலிருக்கிறது, பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டாள். அபூ லய்ஸ் அறை வாசல்வரை வந்து வரவேற்றார். குசலம் விசாரித்தார். காபி வந்தது.

மய்சூன் பையிலிருந்து தகரங்களை எடுப்பதற்காகக் கோப்பையை மேசையில் வைத்தாள். அதுதான் வினையாகிவிட்டது. விருந்தாளி காபியைக் குடிக்காமல் கீழே வைத்தால், ஏதோ கேட்க வந்திருக்கிறார், கொடுத்தால்தான் குடிப்பார் என்று அர்த்தம். இந்த மண்ணில் பிறந்தவர் யாரும் அதைக் காணாததுபோல் இருக்க முடியாது.

"காபியைக் குடிங்கக்கா. நீங்க கேட்டது கெடைச்சாச்சு" என்றார் அபூ லய்ஸ்.

"நான் இன்னும் எதுவும் கேக்கவே இல்லையே."

"கேட்டாத்தானா? ஞாயித்துக்கெழமைலேருந்து வேலைக்கு வாங்க. அவருக்கு என் சலாம் சொல்லுங்க."

"எவருக்கு?"

அபூ லய்ஸ் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தார்.

(பஸ் நின்ற இடம் இது.)

5

இனி நான்.

ஒரு முடிவு: அவள் காபியைக் குடித்துவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை (இங்கே வாரம் தொடங்குவது அன்றுதான்) வேலை. வாடகை தப்பியது, தங்கை மகள் படிப்பு தப்பியது, யாருக்கும் நஷ்டமில்லை. எழுதி முடித்து நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் மறுபடி படித்தேன். தகரங்கள் பைக்குள்ளேயே இருக்கின்றன. உனக்கு என்ன தெரியும் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. அந்த 'அவர்' இல்லை என்று தெரிகிற அன்று அந்த ஆலையில் அவளும் இல்லை.

இன்னொரு முடிவு: "மய்சூன் ஆத்திரத்தோடு எழுந்து

(எழவில்லை. ஆத்திரப்படவா இத்தனை பஸ் ஏறினாள்?)

கடைசியாக எழுதியது இப்படிப் போனது. அவள் கோப்பையை ஒரு விரல் அளவு நகர்த்தி வைத்தாள்.

"அபூ லய்ஸ், எனக்குப் பின்னால யாரும் இல்லை. வேலை வேணும், அதான் வந்தேன். நிறம் சரியில்லேன்னு திரும்பி வந்த சரக்கு ஏதாவது உங்ககிட்ட இருக்கும். அதைக் கொடுங்க, நான் கலந்து காட்டறேன். பொருந்தலேன்னா நீங்க கொடுத்த வாக்கு உங்களோடயே இருக்கட்டும்."

அபூ லய்ஸ் சிரிப்பை நிறுத்தினார்.

"யாருமே இல்லையா?"

"யாருமே இல்லை."

"அப்ப நான் எதுக்குக் காபி கொடுத்தேன்?"

"அது உங்க பெரிய மனசு."

அபூ லய்ஸ் அவளை வெளியே போகச் சொல்லியிருக்கலாம். ஆனால் காபியை வைத்துக்கொண்டு கொடுத்த வாக்கை அவரே திரும்ப வாங்க முடியாது. கூடவே அவளைச் சோதித்துப் பார்க்கும் வம்பும் தோன்றியது. மூன்று தடவை கலந்து மூன்று தடவையும் திரும்பி வந்த சரக்கைக் கொண்டுவரச் சொன்னார். யாரோ ஒருவர் தன் வீட்டுச் சுவர்க் கல்லின் துண்டைக் கொடுத்து, இரும்புக் கதவுக்கு இதே நிறம் கேட்டிருந்தார். அம்மான் கல். தூரத்தில் வெள்ளை, கிட்டே போனால் பாலாடை, வெயில் சாய்ந்தால் லேசான ரோஜா. அந்த ஆலையில் அதைப் பிடிக்க முடிந்தவர் ஒருவரும் இல்லை.

6

மய்சூன் கல்லை ஜன்னலோரம் எடுத்துப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையில் மஞ்சளை ஊசிமுனை அளவு விட்டாள், பிறகு காவி, பிறகு கருப்பு ஒரே சொட்டு. கலக்கினாள். தலையை ஆட்டிவிட்டு முழுவதையும் கொட்டினாள். மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது கலவையை ஒரு தகரத்தில் பூசி, கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம், அதனால் காத்திருக்க வேண்டும்.

"பொருந்தலேன்னா என்னக்கா செய்வீங்க?" என்று வரவேற்புப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"நாளைக்கு ஒன்பதாவது ஆலை" என்றாள் மய்சூன்.

'நிறம் அப்படியே பொருந்தியது.' இந்த ஒரு வரி போதும், கதை முடிந்துவிடும். எழுதினேன். அடித்தேன். இன்னொரு தடவையும் எழுதி அடித்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் எனக்கு வேலை வாங்கித் தந்தது என் மாமா பேசிய ஒரே ஒரு போன். பன்னிரண்டு வருடமாகிறது. இந்த நாற்காலிக்கு நான் தகுதியா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இப்போது அந்த வரியை எழுதினால் மய்சூனுக்கு வேலை வாங்கித் தந்தது என் பேனா என்றாகிவிடும். எட்டு வாசலில் யாரும் சொல்லலை என்று சொன்னவளைப் பொய்யாக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் கையை எடுத்துவிட்டேன். தகரம் ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம் இருக்கும். நீங்களே வந்து பாருங்கள். கல்லையும் பூச்சையும் மட்டும் பாருங்கள். இவ்வளவு தூரம் கூட வந்ததில் உங்களுக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தால், தயவுசெய்து அதை அபூ லய்ஸிடம் சொல்லிவிடாதீர்கள்.